ஜடாயுவின் பின்கதவு

ஜடாயு-90 விமானம் முதன்முதலாகப் பறக்கப்போகும் தேதி எட்டாவது முறையாக அறிவிக்கப்பட்ட அன்று காலை, இமாஸ் தன் மண்சட்டிகளை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். விமான ஆலையின் இரண்டாம் வாசலுக்கு நேர் எதிரே அவள் கடை. அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்துச் சட்டியில் ஊற்றி, மேலே புளிக்கவைத்த கடலைப் பிண்ணாக்கான ஒஞ்சொமைக் காரமாகத் தூவி, மூடிவைத்து எடுத்தால் சுராபி. பாண்டுங் நகரத்துக் குளிருக்கு ஆலைக்காரர்கள் ஆளுக்கு இரண்டு தின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இமாஸ் இருபத்திரண்டு வருஷமாகச் சுராபி செய்கிறாள். ஆலை பதினோரு வருஷமாக ஜடாயுவைச் செய்கிறது. இமாஸின் சரக்கு அன்றன்றைக்கே வெளியே போய்விடும்.

ஆலைக்குள் 'தாமதம்' என்ற சொல்லுக்குத் தடை. அதற்குப் பதிலாகக் 'காலப் பக்குவம்' என்று சொல்லவேண்டும். இதைக் கவனித்துக்கொள்ளக் கால ஒத்திசைவுத் துறை என்று ஒன்று இருந்தது. இறக்கை பொருத்த இருபது பேர், தேதி பொருத்த நாற்பத்தாறு பேர். ஒவ்வொரு புதுத் தேதிக்கும் மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, நுனியை வெட்டி, தும்பெங் விருந்து வைப்பார்கள். தலைமை இயக்குநர் பேசுவார். அவர் பெயர் பேராசிரியர் டாக்டர் இன்ஜினியர் ராடென் விர்யாநதா. நான்கு பட்டங்களில் ஒன்றை விட்டுவிட்டு அழைத்தாலும் கூட்டத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும். அப்படியே இரண்டு கூட்டங்கள் முடியாமல் இன்னும் நடந்துகொண்டிருந்தன.

"சகோதர சகோதரிகளே!" என்று அன்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கியது வாசலுக்கு வெளியேயும் கேட்டது. "நாம் தேதியைத் தவறவிடவில்லை. ஏழு தேதிகளையும் சரியாக அந்தந்தத் தேதியிலேயே கடந்து வந்திருக்கிறோம். இந்தச் சாதனை வேறு எந்த நாட்டுக்கு உண்டு?"

கைதட்டல் ஓய்ந்த பிறகு, கதவுப் பிரிவு மெக்கானிக் எங்குஸ் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயசு, எப்போதும் காதில் ஒரு பென்சில்.

"அக்கா, ரெண்டு குடுங்க. முப்பத்தோராவது கடுதாசியும் திரும்பி வந்துடுச்சு."

"பின்கதவைப் பத்தியா?"

"ஆமா. இடதுபக்கப் பின்கதவு. ரப்பர் பட்டை ரெண்டு மில்லிமீட்டர் தடிப்பு ஜாஸ்தி. ஒரு சாண் திறக்கும், அப்புறம் கழுதை மாதிரி நின்னுக்கும். சீவி விட்டா நாப்பது நிமிஷ வேலை. கதவைப் பத்தின புகாரைக் கதவுக் குழுவுக்குத்தான் அனுப்பணும்னு எழுதியிருக்காங்க."

"அனுப்பு."

"கதவுக் குழு இன்னும் அமைக்கலையே!"

அன்று சாயங்காலம்தான் ரெங்கானிஸ் வந்தாள். ஆலையில் தற்காலிக வேலை பார்க்கும் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டுப் படிவம். சுராபியை ஊதி ஊதித் தின்றபடி இமாஸின் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு அம்பது ஆயிடுச்சா?"

"எதுக்குடி கேக்கற? பாத்தா அப்படித் தெரியுதா?"

"தெரியலைக்கா, அதான் கேக்கறேன். தெரிஞ்சா கேக்காமலே எழுதிட்டுப் போயிருப்பேன்."

"வர்ற மாசம் அம்பது."

ரெங்கானிஸுக்கு வாயெல்லாம் பல். "அப்பாடா! அம்பது தாண்டின பொம்பளைங்க பதினாலு பேர் வேணும். பதிமூணுதான் தேறுச்சு. ஊர்ல உள்ள பொம்பளைங்க எல்லாரும் நாப்பத்தொம்பதுலயே நிக்கறாங்க."

விஷயம் இதுதான். விமானத்தில் பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை நடத்தியாகவேண்டும். தொண்ணூறு பேரை உள்ளே உட்காரவைத்து, விளக்கை அணைத்து, மணியடிப்பார்கள். இருக்கும் நாலு கதவில் இரண்டை மட்டும் திறந்து, எல்லாரும் தொண்ணூறு வினாடிக்குள் காற்றடைத்த சறுக்குகளில் வழுக்கிக் கீழே வந்துவிடவேண்டும். எந்தக் கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியக் கூடாது. பயிற்சி இல்லாத சாதாரண ஜனங்களாக இருக்கவேண்டும். ஆறு மாசத்துக்குள் இப்படி ஒரு சோதனையில் கலந்துகொண்டவர்கள் கூடாது.

"சாதாரண ஜனம்னு எப்படித் தெரிஞ்சுக்குவாங்க?"

"சான்றிதழ் வாங்கணும்கா. மூணு காப்பி."

தெருத் தலைவரிடம் அப்படி ஒரு படிவம் இல்லை. அவர் யோசித்துவிட்டு இறப்புச் சான்றிதழை எடுத்து, 'இறந்துவிட்டார்' என்பதை அடித்து, 'சாதாரணமாக இருக்கிறார்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

"இப்படிக் கிளம்பி ஏதாவது ஆச்சுன்னா?" என்றான் வாடகை வேன் ஓட்டும் அவள் புருஷன் தர்யா.

"அடிச்சதை அழிச்சா போதும், வேற காயிதம் வேண்டாம்" என்றாள் இமாஸ்.

சோதனைக்கு முன்னால் மூன்று நாள் பதற்றப் பயிற்சி. பயிற்சியாளர் ஒருவர் வந்து, "இயல்பாகப் பதறுங்கள்" என்றார். எல்லாரும் பதறினார்கள். "இது செயற்கை" என்றார். மத்தியானச் சாப்பாடு கிடையாது என்று மூன்றாம் நாள் அறிவித்தபோதுதான் இயல்பான பதற்றம் வந்தது, அதைக் குறித்துக்கொண்டார். பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று இமாஸ் கேட்டாள். "அதைச் சொல்லித் தந்தா நீங்க பயிற்சி பெற்றவங்க ஆயிடுவீங்க, இபு" என்று மறுத்துவிட்டார். பாண்டுங்கில் பெண்ணுக்கு மரியாதைச் சொல் இபு, ஆணுக்குப் பாக்.

முதல் தடவை கூப்பிட்டபோது விமானத்தில் இருக்கை இல்லை. வீட்டுச் சாமான் என்று நினைத்துத் துறைமுகத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு அமைச்சர் பார்வையிட வந்ததால், தொண்ணூறு பேரும் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சிரித்தார்கள். இமாஸ் பக்கத்துச் சன்னலைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்டு. வெளியே மேகமும் வரைந்திருந்தது.

"இது நிஜச் சன்னல் இல்லையே, பாக்?" என்று விர்யாநதாவிடமே கேட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை.

"இபு, நிஜச் சன்னல் வழியா என்ன தெரியும்? மேகம். இதுல என்ன தெரியுது? மேகம். அதுவும் மழை மேகம் இல்லாம, நல்ல மேகமாப் பாத்து வரைஞ்சிருக்கோம்."

இரண்டாம் தடவை கூப்பிட்டபோது இருக்கை வந்திருந்தது. ஆனால் விமானம் வண்ணம் பூசப் போயிருந்தது. மூன்றாம் தடவைக்குள் இமாஸுக்கு ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பதில் நின்ற பெண்களில் இரண்டு பேர் வேறு வழியில்லாமல் ஐம்பதைத் தாண்டினார்கள்.

ஒருவழியாக அந்த நாள் வந்தது. பட்டப்பகலில் விமானக் கொட்டகை முழுக்கக் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். தலைநகரிலிருந்து ஆய்வாளர் நைங்கோலான் வந்திருந்தார். பாத்தாக் மலைப்பக்கத்து ஆள், கட்டைக் குரல், யார் கொடுத்த காபியையும் தொடவில்லை. கொட்டகைக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நேரம் பார்க்கும் பொறுப்பு ஆலையுடையது. அவர் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது விதி.

இமாஸின் இடம் பின்னாலிருந்து மூன்றாவது வரிசை. மணி அடித்தது. விளக்கு அணைந்தது. பெல்ட்டை எப்படியோ கழற்றிவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு ஓடினாள். இடதுபக்கப் பின்கதவுதான் திறந்தது, ஒரு சாண் அகலத்துக்கு. அதோடு நின்றது.

முன்னால் நின்றவன் முட்டினான், உதைத்தான். பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது. பக்கத்தில் ஒரு பெண் முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்புறம் அழத் தொடங்கினாள். "இது சும்மா சோதனைதான், இபு, சோதனைதான்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் குரலே நடுங்கியது. இமாஸுக்கு மூச்சு முட்டியது. அப்போது அவள் மனசு தானாகச் சட்டியை அடுப்பில் ஏற்றியது. மாவு ஊற்றியாயிற்று. ஓரம் குமிழ் விடுகிறது. நடுவில் குழி விழுகிறது, ஒன்றரை நிமிஷம். மூடி போட்டாயிற்று. வெந்தாயிற்று. எடுக்கவேண்டும். கதவு திறக்கவில்லை. அடி சிவக்கிறது. கருகுகிறது. இன்னொரு சட்டி ஏற்றினாள்.

கடைசியில் எல்லாரும் திரும்பி முன்கதவுக்கு ஓடினார்கள். இமாஸ் சறுக்கில் விழுந்து வெளிச்சத்துக்கு வந்தபோது, தொண்ணூறு பேரில் அவள்தான் தொண்ணூறாவது. அழுத பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது.

சாயங்காலம் கணக்கீட்டுக் குழு கூடியது. மொத்தம் நாலு நிமிஷம் பத்து வினாடி. இதில் மணிச்சத்தம் காதுக்கு எட்டிய நேரம் பயணிகளுடையது அல்ல, கழித்தார்கள். பயந்த நேரத்தை உளவியல் துறைக்கு மாற்றினார்கள். கதவோடு போராடிய நேரம் வெளியேறிய நேரமாகாது என்று அதையும் கழித்தார்கள். மீதி எண்பத்தெட்டு வினாடி வந்தது. குழுத் தலைவர் மறுபடி கழித்துப் பார்த்தார்; எண்பத்தெட்டுதான். எல்லாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

மறுநாள் ரெங்கானிஸ் படிவத்தோடு கடைக்கு வந்தாள். 'தொண்ணூறு வினாடிக்குள் மகிழ்ச்சியுடன் வெளியேறினேன்' என்று அச்சடித்திருந்தது.

"எண்பத்தொம்பது பேர் போட்டுட்டாங்கக்கா. உங்க கையெழுத்துதான் பாக்கி."

"கால் பிசகினவளுமா?"

"அவங்களும்தான். மகிழ்ச்சிங்கற வார்த்தையை மட்டும் அடிச்சுக்கறேன்னாங்க, விட்டுட்டோம்."

இமாஸ் பேனாவைக் கையில் வாங்கினாள். ரெங்கானிஸ் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நான் மறைக்கல. தொண்ணூறும் வந்தா என் வேலையை நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. உங்க கடை அனுமதியும் இந்த மாசம்தான் புதுப்பிக்கணும். அந்தக் காயிதமும் இது போற அதே மேசை மேலதான் இருக்கு. பாத்தேன்."

இந்தப் பெண்ணை இமாஸுக்குப் பிடிக்கும். கடையும் வேண்டும், தர்யாவின் வேனை மட்டும் நம்பி வீடு நடக்காது.

"என் மேல சாஞ்சு ஒருத்தி அழுதாடி. அது பொய்ப் பயம் இல்ல. நாளைக்கு நிஜமாப் புகை வந்து, நிஜமா ஒருத்தி புள்ளையோட அந்தக் கதவுகிட்ட நின்னா, என் கையெழுத்து அவளுக்குத் திறந்து விடுமா?"

இமாஸ் பேனாவை ரெங்கானிஸின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நாலு நிமிஷத்துக்கு மேல. அப்படின்னு எழுது, கையெழுத்துப் போடறேன்."

"உங்க கையில கடிகாரம்கூட இல்லையேக்கா. கேட்டா என்ன சொல்றது?"

"சுராபிக்காரின்னு சொல்லு."

அதை ரெங்கானிஸ் அப்படியே எழுதி மேலே அனுப்பினாள். பிறகு ஏன் அனுப்பினோம் என்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

ஒரு சாதாரணப் பிரஜை நேரம் சொல்லலாமா என்று விசாரிக்க, ஏழாவது மாடியில் கூட்டம் கூட்டினார்கள். நைங்கோலானும் வந்திருந்தார். இமாஸை அங்கேயே ஒரு சுராபி செய்யச் சொல்லி, அவளுடைய சட்டிக் கடிகாரத்தின் லட்சணத்தைச் சபையில் அம்பலப்படுத்துவது விர்யாநதாவின் யோசனை. கரி அடுப்பையும் சட்டியையும் மின்தூக்கியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

"பாக், நீங்க கடிகாரத்தைப் பாருங்க. நான் பாக்க மாட்டேன்" என்று நைங்கோலானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் இமாஸ். மாவை ஊற்றினாள். அறையில் தேங்காய்ப்பால் வாசம் எழுந்தது. இரண்டு துணை இயக்குநர்கள் எச்சில் விழுங்கினார்கள்.

"இப்ப ஒன்றரை நிமிஷம்" என்றாள்.

நைங்கோலான் பார்த்தார். "தொண்ணூத்தோரு வினாடி."

"நான் ஊத்தறதுக்குக் கொஞ்சம் முந்தியே நீங்க அமுக்கின சத்தம் கேட்டுச்சு, பாக்."

"ஆமா" என்றார் அவர். மூன்று வருஷ ஆய்வில் ஆலையிலிருந்து அவர் கேட்ட முதல் சரியான கணக்கு அது.

அந்தச் சமயத்தில் கரிப்புகை கூரையைத் தொட்டது. தீ எச்சரிக்கை மணி அலறியது, விளக்குகள் அணைந்தன. நைங்கோலான் பழக்கதோஷத்தில் கடிகாரத்தை மறுபடி அமுக்கினார்.

யாரும் அசையவில்லை. பதவி வரிசைப்படிதான் அறையைவிட்டு வெளியேறவேண்டும். தலைமை இயக்குநர் முதலில் எழவேண்டும். அவரோ, தன்னை முறைப்படி யாராவது அழைக்கட்டும் என்று காத்திருந்தார்.

"பேராசிரியர் டாக்டர் ராடென்..." என்று இருட்டில் ஒருவர் தொடங்கினார்.

"இன்ஜினியர் விட்டுப்போச்சு" என்றார் விர்யாநதா.

முதலிலிருந்து தொடங்கினார்கள். பிறகு வாசலில் இரண்டு துணை இயக்குநர்கள், "நீங்க முதல்ல", "சேச்சே, நீங்கதான் முதல்ல" என்று நின்றார்கள். மூத்தவர் யார் என்று நியமன ஆணை பார்க்கவேண்டியிருந்தது. ஆணை உள்ளே அலமாரியில் இருந்தது. இமாஸ் அடுப்பில் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டு, ரெங்கானிஸின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படிக்கட்டில் இறங்கிக் கீழே போய் நின்றாள். கடைசி ஆளாக நைங்கோலான் வந்து கடிகாரத்தை நிறுத்தினார்.

"பதினாலு பேர். பதினோரு நிமிஷம் நாப்பது வினாடி" என்றார். அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்ததை எல்லாரும் பார்த்தார்கள். "இதுல எதைக் கழிக்கலாம்னு இருக்கீங்க?"

அவருடைய அறிக்கை மறுநாள் தலைநகர் போனது. ஒரே வாரத்தில் கதவுக் குழு அமைந்தது. குழுவில் கதவைப் பற்றித் தெரிந்தவர் ஒருவராவது இருக்கவேண்டும் என்று நைங்கோலான் பிடிவாதம் பிடித்ததால் எங்குஸையும் சேர்த்தார்கள். அவர் ரப்பர் பட்டையைச் சீவினார். நாற்பது நிமிஷம் என்றது தப்பு, முப்பத்தைந்துதான் ஆயிற்று.

ஆறு மாசம் காத்திருந்து மறுபடி சோதனை நடந்தது. இந்தத் தடவை நைங்கோலான் கொட்டகைக்கு உள்ளே, கடிகாரத்தோடு நின்றார். கதவு வெண்ணெய் மாதிரித் திறந்தது. இமாஸ் சறுக்கி வந்து விழுந்து, எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டபோது சுற்றிலும் ஆலைக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்குஸ் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். எண்பத்தோரு வினாடி.

விர்யாநதா மட்டும் வெளிறிப்போயிருந்தார். இமாஸை ஓரமாக அழைத்துப் போய்க் கொட்டகைக்கு வெளியே, பச்சைத் துணி போர்த்திய ஒரு கருங்கல்லைக் காட்டினார். ஆறு மாசத்துக்கு முன்னால், முதல் சோதனைக்கு மறுநாளே செதுக்கிய கல்வெட்டு. 'இவ்விமானத்தின் மக்கள் 88 வினாடிகளில் வெளியேறி வரலாறு படைத்தனர்.'

"இபு, கல்லும் அறிக்கையும் ஒத்துப்போகணும். இல்லாம திறக்க முடியாது. கல்லைத் திறக்காம விமானத்தைப் பறக்கவிட முடியாது. கல்லை மாத்தணும்னா தலைநகர்ல கல்வெட்டுக் குழு அனுமதி வேணும், பதினாலு மாசம் ஆகும். அதனால உங்ககிட்ட ஒரு சின்ன உதவி."

"சொல்லுங்க."

"இன்னொரு தடவை ஏறி, உங்க சீட்ல ஒரே ஒரு ஏழு வினாடி உக்காந்துட்டு வாங்களேன்."

அவர் குரல் நிஜமாகவே கெஞ்சியது. இமாஸுக்கு ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது.

"உக்காந்துட்டு வர்றது பெரிசில்ல, பாக். எண்பத்தொம்பது பேர் வெளிய நின்னு என்னையே பாத்துட்டு இருப்பாங்க. அவங்ககிட்ட நீங்க வந்து சொல்லுங்க, எதுக்காக நான் உள்ள இருக்கேன்னு."

விர்யாநதா கூட்டத்தைப் பார்த்தார். சொல்லவில்லை. ஒன்பதாவது தேதி அறிவிக்கப்பட்டது. பதினாலு மாசம் கழித்து. தும்பெங் வெட்ட அதிகாரிகள் எல்லாரும் மண்டபத்துக்குள் போனார்கள். ஒலிபெருக்கியில் பேச்சு தொடங்கியது.

எங்குஸ் கல்லை இரண்டு தடவை சுற்றி வந்தார். இறக்கையில் விழும் கீறலை அடைக்கும் பசையை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, இரண்டாவது எட்டை மொழுக்கென்று அடைத்தார். இமாஸ் கல்லின் மேல் படிந்த தூசியை ஊதினாள். ரெங்கானிஸ் மண்டப வாசலில் காவலுக்கு நின்றாள். பசை இறுகியதும் எங்குஸ் உளியால் ஒரு நேர்கோடு இறக்கினார். 81. மொத்தம் இருபது நிமிஷம். பேச்சு அப்போதுதான் முன்னுரையைத் தாண்டியிருந்தது.

நைங்கோலான் கல்லைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார். "ஒத்துப்போகுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல்முறையாக ஒரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமையே காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கு ஜடாயு-90 ஓடுபாதையில் ஓடி, மூக்கைத் தூக்கி, மேலே போனது. நாலாயிரம் பேர் கூரைகளில் ஏறி நின்று பார்த்தார்கள். தர்யா வேனைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டுப் பார்த்தான். பின்னால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. சத்தம் மலைகளுக்குப் பின்னால் தேய்ந்த பிறகும் எங்குஸ் அண்ணாந்தே நின்றார். இமாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரிப்புகை என்றாள்.

இரண்டு நாள் கழித்து எங்குஸுக்குக் கால ஒத்திசைவுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. பதினாலு மாச வேலையை இருபது நிமிஷத்தில் முடித்தது ஏன், யார் அனுமதியில் முடித்தார், ஏழு நாளுக்குள் விளக்கம் தரவேண்டும். அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து, 'வேலை அவ்வளவுதான் இருந்தது' என்று எழுதி அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஏழு நாள் அவகாசம் இருந்தும் ஒரே நாளில் பதில் கொடுத்தது ஏன் என்று மறுநாள் இரண்டாவது கடிதம் வந்தது.